பெருசு பண்ணாதே

லண்டனில் ஒரு கட்சிக்குத் தலைவர் தேர்தல் முடிந்ததற்காக வேலூர் சத்துவாச்சாரியில் மக்கன் பேடா வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். 2015 செப்டம்பர் 12. ஜெரமி கார்பின் முதல் சுற்றிலேயே 59.5 சதவீதம் வாங்கி லேபர் கட்சித் தலைவரானார். "யாருங்க அவரு?" என்றாள் மனைவி. "நம்மாளு" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. பேரணாம்பட்டுப் பக்கம் காலனியில் பிறந்தவன் நான். அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். சாமி படம் இல்லாத வீடு கூட எங்கள் தெருவில் உண்டு, கோட் போட்ட அம்பேத்கர் இல்லாத வீடு கிடையாது. 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது எங்கள் பாதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். (சில வருஷத்தில் எடுத்தும் விட்டார்கள், எல்லா மாவட்டத்தோடும் சேர்த்து.) இப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கு, பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று சாதியைப் பற்றிப் பேசுகிற ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தால் எப்படி இருக்கும்? அங்கே தலித் மக்களுக்காக இயங்கும் ஒருமைப்பாட்டு அமைப்புக்குக் கௌரவத் தலைவராக இருந்தவர் கார்பின். அந்த நாட்டின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்கச் சொன்னவர்களில் ஒருவர். ஈழத்துக்காகவும் குரல் கொடுத்தவர். 1984-ல் நிறவெறியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு வெளியே கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் படம் ஒன்று உண்டு. அதை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து (மேனேஜர் மன்னிக்கட்டும்) பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன்.

2018 மார்ச்சுக்கு வருகிறேன்.

அந்த மாதம் 20-ம் தேதி, எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, உடனே கைது செய்யக் கூடாது, முதலில் விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் 'பிசிஆர் கேஸ்' என்று பெயர். டீக்கடையில் அந்த வார்த்தையைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள், முன்னால் 'பொய்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். அடிபட்டவன் பேச்சை முதலில் சந்தேகப்படு என்று சட்டமே சொன்னால் அப்புறம் எங்கே போவது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

அதே வாரம் லண்டனிலிருந்து சித்தி பொண்ணு போன் பண்ணினாள். வேலூரில் நர்சிங் படித்துவிட்டுப் போனவள். மூன்று பவுண்டு கட்டி ஆதரவாளராகச் சேர்ந்து கார்பினுக்கு ஓட்டுப் போட்டவள், என் பேச்சைக் கேட்டுத்தான்.

"ண்ணா, அந்தச் செவுத்துப் படத்தப் பாத்தியா?"

"பாத்தேன். பேங்க்காரனுங்க படம். நானே பேங்க்ல கேஷியர், எனக்கே கோவம் வரல, உனுக்கு இன்னா?"

"மூக்கப் பாத்தியா?"

"கார்ட்டூன்னா மூக்கு பெருசாத்தாம்மா இருக்கும். நீ பெருசு பண்ணாத."

2012-ல் கிழக்கு லண்டனில் ஒரு சுவரில் வரைந்த படம் அது. வயதான பணக்காரர்கள் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிறார்கள். மேசைக்குக் காலாக இருப்பது குனிந்து கிடக்கும் மனிதர்களின் முதுகு. அதை அழிக்கப் போகிறார்கள் என்று ஓவியர் முகநூலில் எழுதியபோது, ஏன் என்று கேட்டு, லெனின் முகம் இருந்ததற்காக ராக்ஃபெல்லர் அழித்த டியேகோ ரிவேராவின் ஓவியத்தோடு அதை ஒப்பிட்டு ஆறுதல் சொல்லியிருந்தார் கார்பின். ஆறு வருஷம் கழித்து, அவர் கட்சியின் யூத எம்.பி. லூசியானா பெர்ஜர், இது யூத வெறுப்புப் படம் என்று அதைக் கிளறினார். படத்தைச் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டேன், வருந்துகிறேன் என்றார் கார்பின். 26-ம் தேதி யூதர்கள் பாராளுமன்றத்துக்கு வெளியே திரண்டு, போதும் போதும் என்று கோஷம் போட்டார்கள்.

"எங்க வார்டு சிஸ்டர் யூதங்க. முப்பது வருஷம் இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவங்க. ரெஸ்ட் ரூம்ல உக்காந்து அழுதாங்கண்ணா" என்றாள் தங்கச்சி. கார்பினை ஒழிக்க வலதுசாரிப் பத்திரிகைகள் செய்யும் சதி என்று நான் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவள் நைட் டூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரே வாரம், ஒரே வாய். இங்கே, அடிபட்டவன் சொல்வதை முதலில் நம்பு. அங்கே, அழுகிறவளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்.

கார்பினைப் பற்றிச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்ல வேண்டும். யூத வெறுப்பை அவர் கண்டிக்கவே இல்லை என்பது பொய். பலமுறை கண்டித்தார். என் பெயரால் இந்த விஷத்தைக் கக்காதீர்கள் என்று 2018 ஆகஸ்டில் காணொளியே வெளியிட்டார். பின்னே என்ன குறை என்றால், பொதுவாகக் கண்டிப்பது யாருக்கும் கஷ்டமில்லை. சாதி தப்பு என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆளே கிடையாது. எல்லா மேடையிலும் சொல்வார்கள். இந்தக் கடையில், இந்த டம்ளர், இவனுக்கு ஏன் தனியாக என்று கையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். "அது வேற விஷயம்பா."

கை காட்டியவர்களுக்கு லேபர் கட்சியில் அதுதான் நடந்தது. புகார் சொன்ன எம்.பி.க்களை, தலைவரின் ஆதரவாளர்கள் இஸ்ரேலின் கைக்கூலி, துரோகி என்று ஏசினார்கள். பெர்ஜரை மிரட்டிச் சிறைக்குப் போனவர்களில் தீவிர வலதுசாரிகள் இருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2018-ல் சொந்தக் கட்சி மாநாட்டுக்கே அவர் போலீஸ் பாதுகாப்போடு போனார். 2019 பிப்ரவரியில் கட்சியை விட்டே போனார். மொத்த உறுப்பினர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் மேல்கூடப் புகார் இல்லை என்று கார்பின் தரப்பு கணக்குச் சொன்னது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். எங்கள் ஊரிலும் கட்டை எடுத்துக்கொண்டு வருகிறவன் நாலு பேர்தான். மிச்சம் பேர் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டதால் ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலாற்றுப் பாலத்து மேலேயிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பாடை ஆடிக்கொண்டே கீழே வரும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. எங்கள் கிளையில் பக்கத்து கவுன்ட்டர்க்காரர், நல்ல மனிதர், என் பெண் காதுகுத்துக்கு வந்து மொய் வைத்தவர், போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது ஷார்ட் ரூட்டுன்னு எறக்கியிருப்பாங்க சார். அரசியல் பண்றதுக்குப் பெருசு பண்றாங்க." நான் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டைத் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம், 2020 அக்டோபர் 29. பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. லேபர் கட்சி சட்டத்தை மீறியிருக்கிறது, யூத உறுப்பினர்கள் துன்புறுத்தப்பட்டார்கள், பார்த்த 70 புகார்க் கோப்புகளில் 23 இடங்களில் தலைவர் அலுவலகம் முதலான அரசியல் தலையீடு இருந்தது, தலைமை மனது வைத்திருந்தால் இதைச் சரிசெய்திருக்கலாம் என்றது. மீறிய சட்டம் எது தெரியுமா? அதே 2010 சமத்துவச் சட்டம். எங்களுக்காகச் சாதியைச் சேர்க்கச் சொன்ன அதே சட்டம்.

அன்றைக்கே கார்பின் பதில் எழுதினார். கட்சியில் ஒரு யூத வெறுப்பாளர் இருந்தாலும் அதிகம்தான் என்று ஆரம்பித்தார். அப்புறம் ஒரு 'ஆனால்'. ஆனால் பிரச்சினையின் அளவு அரசியல் காரணங்களுக்காக மிகவும் ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்றார். அதற்காக அன்றே கட்சி அவரை இடைநீக்கம் செய்தது.

சத்துவாச்சாரி பஸ் ஸ்டாப்பில் நின்று அதைப் படித்தேன். இங்கிலீஷில்தான் எழுதியிருந்தார். எனக்குத் தமிழில் கேட்டது, அதுவும் ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் குரலில்.

ஒருநாள் இன்டர்வெல் முடிந்து உள்ளே வந்தால் போர்டில் ஒரு படம். பம்பைத் தலை, தொங்குகிற உதடு, தோளில் ஒரு பறை. பெயர் எழுதவில்லை. உடம்பிலிருந்து மேலே போகிற மாதிரி வளைவாக மூன்று கோடு மட்டும் இழுத்திருந்தான் வரைந்தவன். நாற்றம். அப்பா சாயங்காலம் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகாத தொட்டி வாசனைக்கு மூன்று கோடு. வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. வாத்தியாரிடம் சொன்னேன். "வெளாட்டுக்கு வரைஞ்சிக்கிறான்டா. பெருசு பண்ணாத, உக்காரு" என்று டஸ்டரால் பாதியை அழித்துவிட்டுக் கணக்குப் போட்டார். கோடு மூன்றும் பீரியட் முடியும்வரை இருந்தது.

அன்றைக்கு ராத்திரி அந்தச் சுவர்ப் படத்தைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மூக்கைப் பார்த்தேன். யூதர்களைச் சுரண்டிக் கொழுத்தவர்களாக வரைகிற நாஜிக் காலத்துக் கேலிச்சித்திரங்களைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தங்கச்சி இரண்டரை வருஷம் முன்னால் கேட்டது, மூக்கு பெரிதா சிறிதா என்றல்ல.

நாஜிகளின் யூத வெறுப்புக்கும் தீண்டப்படாதவர்கள் மேல் சனாதனம் வைத்திருக்கும் வெறுப்புக்கும் கொள்கையிலும் விளைவிலும் வித்தியாசமே இல்லை என்று அம்பேத்கர் 1943-லேயே எழுதிவிட்டார். தொகுதி வீட்டு அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் கோடு கூடப் போட்டிருக்கிறேன்.

கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: காஸாவுக்காக அண்ணா கலையரங்கம் பக்கம் நடந்த ஆர்ப்பாட்டத்தில் நானும் நின்றேன், நாளைக்கும் நிற்பேன். இஸ்ரேல் அரசைத் திட்டுவது யூத வெறுப்பு ஆகாது. முஸ்லிமைப் பிடிக்காது என்பதற்காக மட்டும் இங்கே இஸ்ரேல் கொடி பிடிக்கிறவர்கள் என் பதிவைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டாம். கார்பினின் எதிரிகளும் இந்த விவகாரத்தை ஆயுதமாக்கினார்கள் என்பது உண்மை. கட்சியின் இரு கோஷ்டியும் அப்படிச் செய்தன என்று, லேபர் கட்சிக்குள் நடந்ததை விசாரித்து 2022-ல் வந்த ஃபோர்ட் அறிக்கை சொன்னது. எதிரி ஆயுதமாக எடுத்துக்கொண்டான் என்பதால் காயம் பொய் ஆகிவிடாது. பிசிஆர் கேஸைக் கூட யார் யாரோ அரசியலுக்கு இழுக்கிறார்கள்தான்.

2024-ல் கார்பின் இஸ்லிங்டனில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். மனிதர் சாதாரண ஆள் இல்லை. அந்த முறை இனிப்பு வாங்கவில்லை. பீரோவில் 1984 படம் இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் நின்ற ஆள் வேறு, பழகிப்போன கூட்டத்தின் முகம் சுளிக்குமே என்று 'ஆனால்' போட்ட ஆள் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மனைவி நம்பவில்லை.

போன வாரம் எங்கள் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பூமி உருண்டையைக் கையில் பிடித்திருக்கும் கொக்கி மூக்குக் கிழவன் படம் போட்டார், உலகை ஆளும் குடும்பங்கள் என்று. எடுத்துவிடுங்கள் தோழர், இது யூத வெறுப்புப் படம் என்று எழுதினேன். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், 2018-ல் இதே படம் குழுவில் வந்தபோது கீழே நான் போட்ட கட்டைவிரலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார்.

மேலே மேலே தள்ளிப் போய்த் தேடினேன். இருந்தது. ஒரு கட்டைவிரல், பக்கத்தில் 'அருமை தோழர்'. அழுத்திப் பிடித்து அழிக்கப் பார்த்தேன். எனக்கு மட்டும் அழிக்கலாம் என்றது. மற்ற 212 பேர் போனிலும் அது அப்படியே இருக்கும்.