பஸ்ஸர் அடித்தால் மேட்ச் முடிந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து ஃபைனல் முடிந்ததும் ரெஃப்ரி ஜெயித்த டீமோடு நின்று எடுத்துக்கொண்ட அந்த ஃபோட்டோவை இதுவரை ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது பேரும் கீழே ஒரு சிரிப்பு பொம்மை வேறு போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு பாயின்ட் மேட்ச். கடைசி நொடியில் விசில் ஊதாமல் விட்டது ஃபவுலா இல்லையா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டேன். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான். ஜெயித்த டீமின் கேப்டன் தோளில் ரெஃப்ரி கை போட்டு, கட்டைவிரலைத் தூக்கி, நடுநாயகமாக நின்று குரூப் ஃபோட்டோ. கழுத்தில் விசில்கூட இன்னும் தொங்குகிறது.

மேட்ச் முடிந்தால் ரெஃப்ரிக்கு என்ன வேலை? ஸ்கோரர் டேபிளுக்குப் போக வேண்டும், ஷீட்டைச் சரிபார்க்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், மூன்று ரெஃப்ரிகளும் சேர்ந்து கோர்ட்டை விட்டு வெளியேற வேண்டும். இதில் ஃபோட்டோ எங்கே வருகிறது?

"மேட்ச்தான் முடிஞ்சிருச்சே சார்" என்கிறார்கள். முடியவில்லை ஐயா. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளை எடுத்துப் பாருங்கள் (ஃபிஃபா இல்லை, அது கால்பந்து. இதையும் ஒவ்வொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது). முதன்மை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் அந்த மேட்ச்சோடு ரெஃப்ரிகளுக்கு உள்ள தொடர்பு அறுகிறது. தோற்ற டீம் முறையீடு செய்ய நினைத்தால் 15 நிமிடத்துக்குள் அவரிடம் சொல்லி, அவர்கள் கேப்டன் ஷீட்டில் அதற்கென்று இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிச் சொல்ல வருகிற பையன் கண்ணுக்கு முதலில் என்ன படுகிறது? எதிர் டீமோடு நின்று பல்லைக் காட்டும் ரெஃப்ரி.

1972 மியூனிக் ஒலிம்பிக் ஃபைனல் தெரியாத கூடைப்பந்துக்காரர் இருக்க முடியாது. 50-49, அமெரிக்கா ஜெயித்துவிட்டது என்று கோர்ட்டுக்குள் கூட்டம் இறங்கிவிட்டது, கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அப்புறம் கடிகாரத்தைத் திருப்பி மூன்று நொடி வைத்தார்கள், சோவியத் வீரர் பெலோவ் கூடையில் போட்டார், 51-50 என்று சோவியத் யூனியன் தங்கம் வாங்கியது. அமெரிக்காவின் முறையீட்டை ஐந்து பேர் குழு 3-2 என்று தள்ளியது. அந்த வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தைக் கடைசிவரை வாங்கவே இல்லை. அந்த முதல் குதியாட்டத்தில் ஒரு ரெஃப்ரியும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

"அந்தப் பசங்க அவர்கிட்ட பயிற்சி எடுத்தவங்க, பாசம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியா? அப்படியென்றால் ஃபோட்டோ கிடக்கட்டும், அந்த மேட்ச்சுக்கு அவரை எப்படிப் போட்டார்கள்? இந்தக் கேள்வியை நான் கேட்பதாக இல்லை. நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி.

"தோத்தவங்ககிட்டயும் போய் ரெண்டு வார்த்தை பேசியிருந்தா சரியா?" அதுவும் கூடாது. அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஃப்ளட்லைட் டோர்னமென்ட். நான் ரெஃப்ரி. கடைசி நொடிகளில் ஒரு சார்ஜிங் கொடுத்தேன் (முன்னாலேயே வந்து நிற்கும் டிஃபென்டர்மேல் பந்தோடு வருபவர் மோதினால் அவர்மேல் கொடுக்கும் ஃபவுல்). தோற்ற டீமின் கோச் எனக்கு சீனியர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மனசு கேட்காமல் அவரிடம் போய், "அண்ணே, டிஃபென்டர் முன்னாடியே வந்து நின்னுட்டான்ணே" என்றேன். அவர் தலையாட்டினார். நான் டேபிளுக்குத் திரும்புவதற்குள் கேலரியில், "ரெஃப்ரியே தப்புன்னு ஒத்துக்கிட்டாரு" என்று செய்தி பரவிவிட்டது. கூட இருந்த ரெஃப்ரி அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ரெஃப்ரிகள் எல்லோரும் சேர்ந்தே போக வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

விளக்கத்துக்கு வேறு இடம் இருக்கிறது. 2023 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) மேட்ச்சில், வழக்கமான நேரத்தின் கடைசி நொடிகளில் லெப்ரான் ஜேம்ஸ் கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போட்ட லேஅப்பில் ஃபவுல் கொடுக்காமல் விட்டார்களே, அந்த மேட்ச்சின் முதன்மை நடுவர் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். எங்கே? கோர்ட்டில் இல்லை. மேட்ச் முடிந்தபின், பத்திரிகையாளர்கள் எல்லோர் சார்பிலும் கேள்வி கேட்க வந்த ஒரு நிருபரிடம்.

"ரெஃப்ரியும் மனுஷன்தானே." மனுஷன்தான். ரூமுக்குப் போய்ச் சிரிக்கட்டும், அழட்டும், யார் வேண்டாமென்றது?

ரூமா! சரி, இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கொடுத்தே ஆக வேண்டும். நம் ஊர் கோர்ட்டுகளில் பாதிக்கு மேல் திறந்தவெளி. ரெஃப்ரி ரூம் என்று காட்டுவது பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோர் ரூம், அதன் சாவியும் யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. வண்டி நிற்பது கேலரிக்குப் பின்னால். மேட்ச் ஃபீஸ் கவரை எல்லோர் முன்னாலும் கமிட்டிக்காரர் நீட்டுவார், பிச்சை போடுவதுபோல. பரிசளிப்பில் மாலை, சால்வை எல்லாம் ஸ்பான்சருக்கு. எங்கள் பெயரை மைக்கில் ஒருமுறை சரியாக உச்சரித்தால் அன்று தீபாவளி. இவ்வளவுக்கு நடுவில் "கண்ணியமாக வெளியேறு" என்று நான் சொல்வது எனக்கே கொஞ்சம் அபத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த சார்ஜிங் கொடுத்த அன்று என் மகளும் வந்திருந்தாள். அப்போது ஒன்பது வயது. கோர்ட்டிலிருந்து வண்டி வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் நின்றவர்கள் என்னைச் சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்தது. பாதி வழியில், முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "அப்பா, நீ காசு வாங்கினியா?"

அந்தக் கேள்விக்கு இன்று ஒரு ஃபோட்டோ கிடைத்துவிட்டது. யார் யாரோ தங்கள் அப்பாவைப் பார்த்துக் கேட்கப்போகும் கேள்விக்கு ஆதாரமாக நீங்களே போஸ் கொடுத்திருக்கிறீர்கள், தம்பி.

பொறாமை என்று எழுதுங்கள், ரிட்டயர் ஆனவனின் புலம்பல் என்று எழுதுங்கள், பரவாயில்லை. அதை ப்ரொஃபைல் படமாக வேறு வைத்திருக்கிறீர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? உங்கள் இடது தோளுக்குப் பின்னால் ஸ்கோரர் டேபிள் தெரிகிறது. தோற்ற டீம் கேப்டன் அதன் பக்கத்தில் நின்று உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் பேனா.