ஹார்லிக்ஸ் பாட்டில்ல லேகியம்

பஸ் ஸ்டாண்டு கழிப்பறை சுவத்துல ஒட்டிருப்பானுங்களே, நரம்புத் தளர்ச்சியா, கைப்பழக்கமா, இளைஞர்களே கவலை வேண்டாம்னு, கீழ ஒரு லாட்ஜ் பேரும் எந்தக் கிழமை முகாம்னும் போட்டு, அதப் பாத்து சிரிச்சிட்டுப் போற ஆள்தான் நானும், என் ரூம்மேட் அங்க போயிட்டு வர்ற வரைக்கும்.

அப்ப திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருந்தோம். அவனுக்கு கல்யாணம் நிச்சயமாகி ரெண்டு மாசம், தூக்கமில்ல, சோறு இறங்கல, அந்தப் பொண்ணு கூப்ட்டா போன எடுக்க மாட்டான். ஒருநாள் அவன் ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஸ்பூன விட்டா கறுப்பா லேகியம்! 6,500 ரூபாயாம், சம்பளமே 14,000. "நாப்பது சொட்டு ரத்தம் சேந்தாதான் ஒரு சொட்டு விந்தாம், நான் எல்லாத்தையும் வீணடிச்சிட்டேன்டா"ன்னு அழறான்.

பச்சைப் பொய். அது போனா திரும்ப ஊறும், ரத்தத்துக்கும் அதுக்கும் கணக்கே இல்ல. ஆனா இந்த பயம் நம்ம ஊர்ல எவ்ளோ பழசுன்னா 1960-லயே விக்னு ஒரு மனநல டாக்டர் இதுக்கு 'தாத் சிண்ட்ரோம்'னு பேரே வெச்சிட்டாரு. இந்த மாதிரி விளம்பரத்துக்கு 1954-லயே தடைச் சட்டம் வந்தாச்சு, ஒட்றவன் ஒட்டிட்டுதான் இருக்கான்.

மனநல டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போனேன். "காலைல எந்திரிக்கறப்ப விறைப்பு இருக்கா?" "இருக்கு சார்." "அப்ப உடம்பு பெரும்பாலும் நல்லாதான் இருக்கு, பயந்தா அட்ரினலின் ஏறும், அங்க ரத்தம் போகாது." டிப்ரஷனும் இருந்துச்சு, மாத்திரை குடுத்தாரு, ஆள் தேறிட்டான்.

ஆறாவது வாரம் அவனே மாத்திரைய நிறுத்திட்டான். கேட்டா, "எவ்ளோ நேரமானாலும் விந்து வரவே மாட்டேங்குதுடா, லாட்ஜ்காரன் சொன்னது பலிச்சிடுச்சு"ங்கறான். டிப்ரஷனுக்கு அவனுக்குக் குடுத்த எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைல இது சகஜமான பக்கவிளைவு (சீக்கிரம் வந்துடுதுன்னு வர்றவங்களுக்கு இதையே மருந்தாவும் குடுப்பாங்க). திடீர்னு நிறுத்துனதுல தலசுத்தல் வேற. எனக்கு கோவம் டாக்டர் மேலதான், வயித்தக் கலக்கும்னு சொன்னவரு இத ஏன் சொல்லல? இவனுக்கும் கேக்க வெக்கம். அப்பறம் வேற மாத்திரைக்கு மாத்துனாரு, சரியாச்சு.

இதெல்லாம் பசங்க கத. கல்யாணமாகி பயத்துல தசை இறுகி, தொட்டாலே வலின்னு துடிக்கற பொண்ணுங்க இருக்காங்க, சிகிச்சையும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவ ரெண்டு வருஷம் "குழந்த எப்ப"ன்னு கோயில் கோயிலா கூட்டிட்டுப் போனாங்க, வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கல. அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்னு போன மாசம்தான் அவங்களுக்கு நம்பர் அனுப்புனேன். ப்ளூ டிக் விழுந்திருக்கு, பதில் இன்னும் வரல.