இழுத்து மூடச் சொல்கிறவர்களுக்கு

2024 அக்டோபரில் ஆளுநர் ஆர்.என். ரவி கலந்துகொண்ட சென்னைத் தூர்தர்ஷன் விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்தில் 'திராவிட' என்று வரும் அடி காணாமல் போனதைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று தூர்தர்ஷன் கேட்ட மன்னிப்பை எத்தனை பேர் நம்பினார்கள் என்பதையெல்லாம் நான் மறுபடி சொல்லப் போவதில்லை. எனக்கும் கோபம்தான். சென்னைத் தொலைக்காட்சியின் பொன்விழாவை இந்தி மாத நிறைவு விழாவோடு சேர்த்து நடத்தலாம் என்று யாருக்கோ தோன்றியதே, எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே வந்துவிட்டது.

ஆனால் அதைவிட உறுத்துவது அப்புறம் நம் ஆட்கள் எழுதியதுதான். "தூர்தர்ஷன், ரேடியோ, இந்தக் கருமத்தை இழுத்து மூடுங்க." "யார் பார்க்கிறா இதை?" எழுதியவர்களில் பாதிப் பேர் நான் மதிக்கிறவர்கள். லைக் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள்.

மூடினால் யாருக்கு நஷ்டம்? அமைச்சருக்கா, ஆளுநருக்கா? அவர்கள் பேச்சை நேரலையில் காட்ட இங்கே வரிசையில் நிற்கும் தனியார் சேனல்கள் எத்தனை. நஷ்டம் நமக்குத்தான். தூர்தர்ஷன் ஓடுவது நம் பணத்தில், பிடி இருப்பது டெல்லியில். பிடியை விடச் சொல்லிக் கேட்க வேண்டிய நாம், பணத்தை நிறுத்து என்கிறோம். கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட மாட்டைக் காட்டி, பால் கறக்கவில்லை, அடிமாட்டுக்கு அனுப்பு என்கிற மாதிரி இருக்கிறது.

தூர்தர்ஷனையும் ஆல் இந்தியா ரேடியோவையும் நடத்தும் நிறுவனம் பிரசார் பாரதி. அதற்கான சட்டம் நிறைவேறியது 1990இல். அமலுக்கு வந்தது 1997இல். நடுவில் வந்த எந்த அரசுக்கும் அவசரமில்லை. 1995இல் உச்ச நீதிமன்றமே அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் சொத்தல்ல என்று சொன்ன பிறகும் இரண்டு வருடம் இழுத்தார்கள். சரி, வந்ததே, அதில் என்ன சுதந்திரம்? 32, 33ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். விதிகளை வகுப்பது மத்திய அரசு. நிறுவனம் தனக்கென்று ஒழுங்குமுறை வகுத்தாலும் முன்கூட்டியே மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். இதற்குப் பெயர் தன்னாட்சி நிறுவனம்! மத்திய அரசே அமைத்த சாம் பிட்ரோடா குழு 2014 ஜனவரியில் இதையெல்லாம் மாற்றச் சொல்லி அறிக்கை கொடுத்தது. நான்கு மாதத்தில் ஆட்சிதான் மாறியது. 2020இல் காலியான பிரசார் பாரதி தலைவர் பதவியை 2024 மார்ச்சில்தான் நிரப்பினார்கள். நான்கு வருடம் தலைவரே இல்லாமல் ஓடியிருக்கிறது, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"காங்கிரஸ் மட்டும் யோக்கியமா?" என்று கேட்க ஒருவர் வருவார், தெரியும். இல்லை ஐயா. நெருக்கடி நிலையில் ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று ஊரே கிண்டல் செய்தது. அதற்கப்புறம் வந்த வர்கீஸ் குழு தன்னாட்சி கொடு என்று சொன்னது 1978இல். 2017இல் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை மாற்றிக் கொடுத்தால்தான் ஒளிபரப்புவோம் என்று தூர்தர்ஷன், ஆல் இந்தியா ரேடியோ ஆட்கள் சொன்னார்களே, அப்போது டெல்லியில் யார் ஆட்சி என்று உங்களுக்கே தெரியும். யார் வந்தாலும் அந்தக் கயிறு அவர்கள் கைக்குப் போகிறது. அதனால்தான் கயிற்றை அறுக்கச் சொல்கிறேன்.

"என் வரிப்பணம்" கோஷ்டிக்கு ஒரு கணக்கு. பிரசார் பாரதிக்கு மத்திய அரசு ஆண்டுக்குக் கொடுப்பது 2,500 கோடிக்கு மேல், 3,000 கோடிக்குள். பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். தலைக்கு வகுத்தால் வருடத்துக்கு இருபது ரூபாய் வரும். பிரிட்டனில் பிபிசிக்காக ஒரு வீடு 2024இல் வருடத்துக்கு 169.50 பவுண்டு கட்டியது, அன்றைக்கு நம் பணத்தில் 18,000 ரூபாய்க்கு மேல். பிபிசி மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள், அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும்.

என் சித்தி ஒரு வானொலி நிலையத்தில் கேசுவல் அறிவிப்பாளராக, அதாவது நிரந்தர வேலை இல்லாமல் டூட்டிக்குக் காசு வாங்குகிறவராக, இருந்தார். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஆறு டூட்டிக்கு மேல் கிடையாது. காலை ஒலிபரப்புக்கு விடியும் முன்னே போக வேண்டும், சித்தப்பா டிவிஎஸ் 50இல் கொண்டுபோய் விடுவார். கஜா புயல் சமயத்தில் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, எங்கள் தெருவில் பேட்டரி ரேடியோ வைத்திருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் கூட்டம். உள்ளே சித்தியின் குரல், எந்த ரோடு மூடியிருக்கிறது, எங்கே முகாம் என்று திரும்பத் திரும்ப. அந்த டூட்டிக்கான செக் வருவதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. அந்தக் குரலை நம்பித்தான் அன்றைக்கு எங்கள் தெருவே முகாமுக்குப் போனது. 'யார் கேட்கிறா ரேடியோ' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறுவது அதனால்தான். நீங்கள் கேட்கவில்லை என்றால் யாருமே கேட்கவில்லை என்று அர்த்தமா?

1960களில் ஆடுதுறை 27 நெல் ரகத்தை தஞ்சாவூர் ஜில்லாவில் 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். திருச்சி வானொலியில் கேட்டுத்தான் விதைத்தார்கள். வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது எந்த ஸ்பான்சர்?

தனியார் இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டில் சேனல் பட்டியலை ஒருமுறை எண்ணுங்கள். கட்சிக்கொரு சேனல். ஜெயா ஒரு பக்கம், கலைஞர் ஒரு பக்கம், மக்கள், கேப்டன் என்று ரிமோட்டில் கூட்டணியே அமைக்கலாம். எஃப்எம் பக்கம் போனால் இன்னும் விசேஷம்: தனியார் வானொலிகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இந்த நாட்டில் அனுமதியே இல்லை. சூரியனும் மிர்ச்சியும் பாட்டுப் போடலாம், பேசிச் சிரிக்கலாம், செய்தி கூடாது. வேண்டுமானால் ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். அப்படியென்றால் வானொலியில் செய்தி தரும் ஒரே இடம் அமைச்சரகத்தின் பிடியில் இருக்கிறது. இதற்கு ஹேஷ்டேக் போட்டவர் யார்? பாட்டில் ஒரு அடி போனதற்கு இவ்வளவு கொதித்தோமே, தினமும் செய்தியில் எத்தனை அடி போகிறது என்று யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?

யூடியூப் இருக்கிறது என்கிற தம்பிகளுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. புயல் ராத்திரியில் டவர் இல்லாமல் சப்ஸ்கிரைப் செய்து பார்க்கட்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் 2024 தேர்தலில் நாற்பதுக்கு நாற்பது எம்.பி.க்களை ஒரே கூட்டணியிலிருந்து அனுப்பினோம். ஆளுநரைத் திரும்பப் பெறு என்று அப்போது அறிக்கை விட்டவர்களில் ஒருவர், அந்த 32, 33ஆம் பிரிவுகளைத் திருத்தக் கோரி ஒரு தனிநபர் மசோதாவை எழுதி எடுத்துப் போகட்டும். தோற்கும், தெரியும். தோற்கட்டும். அதுவரைக்கும் 'இழுத்து மூடு' என்ற போஸ்டரில் என்னை டேக் செய்யாதீர்கள், என் சித்தியையும்தான். அவரும் முகநூலில் இருக்கிறார்.