பத்தாயத்து நெல்லும் வாடகையில்லா வீடும்
அமெரிக்கக் குடும்பம் தன் செலவில் எட்டில் ஒரு பங்கையே உணவுக்குக் கொடுக்க, இந்தியக் கிராமங்களில் ஏறக்குறையப் பாதி வயிற்றுக்கே போவதற்கு வருமானக் குறைவு மட்டுமே காரணம் என்று, குடும்பங்களின் உணவுச் செலவு பற்றி எழுதிய கட்டுரையாளர் முடிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 2023-24 தேசியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புற உணவுப் பங்கு 47 விழுக்காடு என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்தின் மொத்தச் செலவு என்பதில் எவை சேர்கின்றன, எவை சேர்வதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் சம்பா அறுவடை முடிந்ததும் பன்னிரண்டு மூட்டை நெல் பத்தாயத்துக்குப் போய்விடும். கடையில் அரிசிக்கென்று ஒரு ரூபாயும் கொடுக்காவிட்டாலும், அந்த நெல்லுக்குக் களத்து விலை (விளைந்த இடத்திலேயே விற்றால் கிடைக்கும் விலை) போட்டுக் கணக்கெடுப்பவர்கள் உணவுச் செலவில் எழுதிவிடுகிறார்கள். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டுக்கோ வாடகை மதிப்பு எதுவும் சேர்வதில்லை. அமெரிக்காவில் வீட்டுக்கான செலவே மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே அந்தப் பகுதி கணக்கிலேயே வராததால் மொத்தம் சுருங்கி, சோற்றின் பங்கு பெருத்துத் தெரிகிறது. தமிழ்நாட்டு ரேஷனில் 2011 முதல் இலவச அரிசி கிடைத்தும் செலவு ஏன் குறையவில்லை என்று கேட்டிருக்கும் நண்பருக்கு: அதே கணக்கெடுப்பில் கிராமங்களின் மொத்தச் செலவில் தானியங்களின் பங்கு 5 விழுக்காடு அளவே (என் நெல் கணக்கும் அதற்குள் அடங்கியதுதான்), பானங்களும் பதப்படுத்திய உணவுகளும் அதைப்போல் இரு மடங்கு. என் தந்தைக்குக் கடைத்தெருவில் காலையும் மாலையும் டீயும் வடையும் வேண்டும். மாதக் கடைசியில் டீக்கடை நோட்டில் நிற்கும் பாக்கி, மளிகைக் கடையின் பருப்புக் கணக்கைத் தாண்டிவிடுகிறது.