பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது

போன வெள்ளிக்கிழமை எங்கள் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் வந்த அந்தக் குரல்பதிவை உங்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் தேடிப் போய்க் கேட்கவேண்டாம். சொன்னவரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். என்னைவிட ஐந்து வகுப்பு மூத்தவர், ஊரில் எனக்குப் பந்து உதைக்கச் சொல்லித் தந்தவர்களில் ஒருவர். அந்த மரியாதைக்காக மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

“ஹில்ஸ்பரோவில செத்த சனத்தைக் கொன்றது அவங்கட ஆக்கள்தான். குடிச்சுப்போட்டு, ரிக்கெற்றும் இல்லாமல் பிந்தி வந்து, பின்னால நிண்டு தள்ளினவங்கள்.” இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பகிடி வேறு. ஹில்ஸ்பரோ தெரியாதவர்களுக்கு: 1989இல் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைக் குடித்த நெரிசல் நடந்த இங்கிலாந்துக் கால்பந்து மைதானம் அது. கீழே பதினேழு பேர் சிரித்த முகம் போட்டிருக்கிறார்கள். அதில் நான்கு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. இதை விளங்கிக்கொண்டால் அந்தப் பகிடியைச் சொல்ல வாய் வராது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் நின்றிருக்கிறேன். 1987 மார்கழி, லண்டனுக்கு வந்து ஒன்றரை வருசம். பகலில் படிப்பு, இரவில் பெற்றோல் ஷெட்டில் வேலை. என்னோடு வேலை செய்த ஐரிஷ்காரர் ஒருவர், அப்பாவின் வயது இருக்கும், ஒரு சனிக்கிழமை என்னை மட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்த மைதானம் என்று வேண்டாம். அந்த டெரஸே இன்று இல்லை. இப்போது கதிரையில் இருந்து மட்ச் பார்க்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: டெரஸ் என்றால் வெறும் சீமெந்துப் படிகள். கதிரை கிடையாது. இடையிடையே இடுப்பு உயரத்தில் இரும்புத் தடுப்பு. உள்ளே போனதும் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், “தடுப்பு உன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், நெஞ்சுக்கு முன்னால் ஒருநாளும் இருக்கக்கூடாது.” இரண்டாவது பாடம், கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விடாதே, நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்திரு. குளிருக்குக் கையைப் பைக்குள் விடக்கூட அங்கே பயம். மட்ச் பார்க்க வந்தவனுக்குச் சொல்கிற புத்தியா இது? ஆனால் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. அதாவது ஆபத்து எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மைதானத்தை நடத்தியவர்கள் தவிர.

கோல் விழுந்தால் ஓர் அலை வரும். மேலே நின்ற நான் பத்துப் படி கீழே போய் நிற்பேன், பாதி வழி கால் நிலத்தில் படாது. அதை நான் விரும்பினேன். பொய் சொல்லக்கூடாது. ஊரை விட்டு வந்து, ஒருவரும் தோளில் கை போடாத ஒரு நாட்டில், முன்பின் தெரியாத ஐம்பது பேர் என்னைக் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். அதற்காகவே திரும்பத் திரும்பப் போனேன்.

நாலாவதோ ஐந்தாவதோ தடவை. பெரிய மட்ச், சனம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னால் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன், அவனுக்கு முன்னால் இரும்புத் தடுப்பு. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் பின்பக்கம் முழுப் பலத்தையும் போட்டு உந்தினேன். கத்தினேன். எனக்கு இரண்டு வரிசை பின்னால் நின்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்களா? இல்லை. அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் எப்படியோ அவனை அக்குளில் பிடித்து மேலே இழுத்தார்கள், பிறகு தலைக்கு மேலால் கை மாறி மாறி முன்பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். அப்படி இறங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அது அங்கே வழமை. அவனுடைய ஒரு சப்பாத்து என் காலடியில் விழுந்து கிடந்தது. குனிய இடமில்லை. மட்ச் முடிந்து சனம் குறைந்த பிறகுதான் எடுத்தேன். கொடுக்க ஆள் இல்லை. தடுப்புக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது யோசியுங்கள். அந்தப் பையன் செத்திருந்தால்? அவனுடைய முதுகில் இருந்தது என் நெஞ்சு. குரல்பதிவு அண்ணையின் கணக்குப்படி, பின்னால் நின்று தள்ளியவன் நான்தான்.

அதனால் 1989 சித்திரை (ஏப்ரல்) 15 எனக்கு வெறும் செய்தி இல்லை. வருடப்பிறப்புக் கிழமை, சனிக்கிழமை, ஷெட்டில் வானொலி போட்டிருந்தது. லிவர்பூலும் நொட்டிங்ஹாம் ஃபொறஸ்ட்டும் ஆடிய எஃப்ஏ கிண்ண அரையிறுதி, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில். 3 மணிக்குத் தொடங்கி 3.06க்கு நிறுத்தினார்கள். 97 பேர் போனார்கள். 97ஆவது ஆள் இறந்தது 2021இல், 32 வருசம் மூளைக் காயத்தோடு வாழ்ந்து.

நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் குழுவில் சிரித்த ஒருவரும் இதை வாசித்திருக்கமாட்டார்கள். மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்களுக்குக் கொடுத்த லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க ரிக்கெற் எடுத்த பத்தாயிரம் பேருக்குச் சுழல்கதவு ஏழுதான். வெளியே நெரிசல். 2.52க்கு பொலிஸ் கட்டளைப்படி ஒரு பெரிய கதவைத் திறந்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் உள்ளே போனார்கள். நேரே எதிரில் ஒரு சுரங்க வழி, சரிவாக இறங்குகிறது, டெரஸை வேலி போட்டுப் பிரித்த அடைப்புகளில் நடுவில் இருந்த 3ஆம் 4ஆம் இலக்கத்துக்கு. அவை ஏற்கெனவே நிரம்பியிருந்தன. இரண்டுக்கும் சேர்த்து அனுமதி 2,200 பேர், நெரிந்தபோது உள்ளே 3,000க்கு மேல். பக்கத்து அடைப்புகளில் இடம் கிடந்தது. அந்தச் சுரங்க வாசலில் நாலு பேரை நிறுத்தி “இந்தப் பக்கம் போங்கள்” என்று கை காட்டியிருந்தால் போதும். முந்திய காலங்களில் அப்படித் தடுத்திருக்கிறார்கள். 1987 அரையிறுதியில் அதே மைதானத்தில் சனம் பிந்தியதென்று ஆட்டத்தையே கால் மணி நேரம் தள்ளிவைத்தார்கள். 1989இல் இரண்டும் நடக்கவில்லை. முன்னால் உயரமான கம்பி வேலி. எங்கே போவது?

சனம் ஓடி மிதித்துச் சாகவில்லை அண்ணை. நின்றபடி செத்தார்கள். நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு எடுக்க முடியாமல். சுரங்க வழிக்குள் வந்துகொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் ரிக்கெற் எடுத்து மட்சுக்கு வந்தவன். கதவு திறந்தார்கள், நடந்தான். பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. மேலே கட்டுப்பாட்டு அறையில் கமெராத் திரைக்கு முன்னால் இருந்தவருக்குத்தான் தெரிந்திருக்கவேண்டும்.

“அப்போ குடிச்சவங்கள் இல்லையா?” என்று கேட்பார்கள். குடித்தவர்கள் இருந்தார்கள், சனிக்கிழமை மட்சில் இல்லாமலா? நான் நின்ற டெரஸிலும் இருந்தார்கள். அதனால் யாருக்கும் சாவு விதிக்கப்படவில்லை. இறந்தவர்கள் எல்லாருடைய இரத்தத்திலும் மதுசாரம் பார்த்தார்கள். எல்லாரும் என்றால் சிறுவர்களும். அதில் ஒருவனுக்கு வயது 10. பிள்ளையின் உடலைப் பார்க்க ஓடிவந்த தாய் தகப்பனிடம் எவ்வளவு குடித்தான் என்று கேட்ட நாள் அது.

“ரிக்கெற் இல்லாமல் வந்தவங்கள்?” எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து டெரஸுக்குள் போன மொத்தத் தொகை விற்ற ரிக்கெற்றுக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. இந்தக் கதை அதோடு முடிந்தது.

“பிந்தி வந்தது பிழைதானே?” வீதியில் வேலை நடந்து தாமதமானவர்கள் நிறையப் பேர். அதை விடுங்கள். பிந்தி வருவது கொலையா? நீங்கள் ஒரு கலியாண வீட்டுக்காவது நேரத்துக்குப் போயிருக்கிறீர்களா?

சரி, ஒரு நியாயமான கேள்வியும் இருக்கிறது. எண்பதுகளில் இங்கிலாந்து ரசிகர்களில் காடையர்கள் இருந்தார்கள்தானே, வேலி அவர்களால்தானே வந்தது? இருந்தார்கள். என்னைத் துரத்தியிருக்கிறார்கள், என் நிறத்துக்காக. 1985இல் பெல்ஜியத்தில் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் செத்ததற்கு லிவர்பூல் ஆட்கள் பாய்ந்தது காரணம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? வந்தவன் எல்லாரையும் காடையன் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்தவனுக்கு வேலிக்குப் பின்னால் கத்துகிற சனத்தைப் பார்த்தால் கலகம் என்றுதான் தோன்றும். மூச்சுக்குக் கத்துகிறார்கள் என்று தோன்றாது. ஏறி வெளியே வர முயன்றவர்களைத் திருப்பி உள்ளே தள்ளினார்கள். அதே 1985இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் மைதானத்தில் மரப் பார்வையாளர் மண்டபம் எரிந்து 56 பேர் இறந்தார்கள். முன்னால் வேலி இல்லாததால்தான் மற்றவர்கள் மைதானத்துக்குள் குதித்துத் தப்பினார்கள். நாலு வருசத்துக்கு முன்னால் கண் முன்னே நடந்த பாடம்.

ரசிகர்கள் கதவை உடைத்து வந்தார்கள் என்று அன்றைய பொலிஸ் பொறுப்பதிகாரி டக்கன்ஃபீல்ட் ஆட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே சொன்னார். அது பொய் என்று அவரே விசாரணையில் ஒத்துக்கொள்ள 2015 ஆனது. நாலாம் நாள் ‘த சன்’ பத்திரிகை ‘உண்மை’ என்று தலைப்புப் போட்டு, இறந்தவர்களின் பையைத் தட்டினார்கள் என்று எழுதியது. நடந்தது, அதே ரசிகர்கள் விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி அதில் ஆட்களைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடியது. விசாரணை நடத்திய நீதிபதி ரெய்லர் அதே ஆண்டு ஆவணியிலேயே பொலிஸ் கட்டுப்பாடு தவறியதுதான் முக்கிய காரணம் என்று எழுதிவிட்டார். ஆனாலும் பொய்தான் நின்றது. 2012இல் சுயாதீனக் குழு வெளியிட்ட ஆவணங்களில் 164 பொலிஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. 2016 சித்திரையில் ஜூரிகள் சட்டவிரோதக் கொலை என்றும், ரசிகர்களின் நடத்தை காரணமே இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். 27 வருசம். “2019இல் டக்கன்ஃபீல்டை விடுதலை செய்துவிட்டார்களே” என்று யாராவது வருவீர்கள். செய்தார்கள். அவர் விடுதலையானதால் ரசிகர்கள் குற்றவாளி ஆகிவிட்டார்களா?

ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்திலும் இப்படித்தான். 1971 தை (ஜனவரி) 2, வெளியேறும் படிக்கட்டில் நெரிந்து 66 பேர் செத்தார்கள். கடைசி நிமிடக் கோலின் சத்தம் கேட்டுச் சிலர் திரும்பி மேலே ஓடியதால் நடந்தது என்று கதை கட்டினார்கள். விசாரணையில் அதற்கு ஆதாரம் இல்லை. எல்லாரும் ஒரே திசையில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதே படிக்கட்டில் 1961இலேயே இரண்டு பேர் செத்திருந்தார்கள், பிறகும் காயங்கள். சனம் பழக்கம் மாறாமல் வந்தது, படிக்கட்டின் ஆபத்தும் மாறவில்லை. மார்க்கிஞ்ச் என்ற ஒரு சின்ன ஊரிலிருந்து ஒன்றாகப் போன ஐந்து பொடியன்கள் ஒருவரும் திரும்பவில்லை.

2022 வைகாசியில் பாரிஸில் லிவர்பூல் ஆடிய சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ரசிகர்களைப் பற்றி என்ன சொன்னார்கள்? பிந்தி வந்தார்கள், கள்ள ரிக்கெற். அதே சொற்கள். கண்ணீர்ப்புகை அடித்தார்கள், சிறுவர்கள் மேல். முதன்மைப் பொறுப்பு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவுடையது என்று அடுத்த வருசம் அவர்கள் நியமித்த குழுவே சொன்னது. அந்த வரிசையில் ஹில்ஸ்பரோவில் தப்பியவர்களும் நின்றிருந்தார்கள்.

இதில் எனக்கு நோகிற இடம் வேறு. அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள். 1974 தை 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால், தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். அமைதியாக நிலத்தில் இருந்த சனத்துக்குள் பொலிஸ் வந்தது. அடி, கண்ணீர்ப்புகை, அறுந்து விழுந்த மின்கம்பி. எனக்குப் பத்து வயது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது மட்டும் நினைவு. நீங்களும் அங்கே நின்றதாக எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! அன்று செத்தவர்களைப் பற்றி ஒரு வெள்ளைக்காரன், “கட்டுப்பாடில்லாத கூட்டம், தாங்களே ஓடி விழுந்து செத்தார்கள்” என்று சொல்லிச் சிரித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நல்லூர்த் தேருக்கு நெரிபட்ட ஆட்கள் நாங்கள். சனத்துக்குள் நிற்பதென்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டுமா? அதிகாரத்தில் இருப்பவன் சொன்ன கதையை, செத்தவன் மேலேயே போட்ட பழியை, நாங்களே ஏன் காவித் திரிகிறோம்?

நின்று பார்ப்பதே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். ஜெர்மனியில் டோர்ட்மண்ட் மைதானத்தில் ஒரே பக்கத்தில் இருபத்துநாலாயிரத்துக்கு மேல் நின்று பார்க்கிறார்கள். இங்கேயும் 2022இலிருந்து ஆளுக்கொரு இடமும் கம்பியுமாகத் திரும்ப நிற்க விட்டிருக்கிறார்கள். போன மாசம் மகளோடு போய் நின்றேன். நல்லாய் இருந்தது. முதலில் வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்தேன், பிறகு கம்பி எந்தப் பக்கம் என்று பார்த்தேன். மகள் ஏன் என்று கேட்டாள். அந்தச் சப்பாத்தைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னேன்.

அண்ணை, குழுவில் உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பதிவை அழியுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள், லிவர்பூலுக்கு ரயில் ரிக்கெற் நான் எடுக்கிறேன். லிவர்பூல் அணியின் மைதானமான அன்ஃபீல்டில் அந்த 97 பெயர்களும் இருக்கின்றன. எத்தனை இடத்தில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு தடவை வருகிறது என்று பக்கத்தில் நின்று காட்டுகிறேன்.