26 ஆல் வகுத்த கணக்கு

அரசு சேவையில் அல்காரிதம் என்றதுமே பேச்சு செயற்கை நுண்ணறிவுக்குப் போய்விடுகிறது. அதிகமாகக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன உதவித்தொகையைத் திரும்ப வசூலிக்க ஆஸ்திரேலிய அரசு கொண்டுவந்த ரோபோடெட் திட்டத்தில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. இருந்தது ஒரு வகுத்தல் கணக்கு.

அங்கே உதவித்தொகையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்தந்த இரு வார வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டுக் கணக்கு. அதை 26 ஆல் வகுத்து, வருடம் முழுக்க ஒரே சீராக வருமானம் வந்ததாக வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஆறு மாதம் வேலை பார்த்து, இரு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 26,000 சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். பிறகு வேலை போகிறது. மீதி ஆறு மாதம் வருமானம் பூஜ்யம் என்று உள்ளபடியே எழுதிக்கொடுத்து உதவித்தொகை வாங்குகிறார். 26,000-ஐ வகுத்தால் இரு வாரத்துக்கு 1,000. ஆக, கணினியைப் பொறுத்தவரை அவர் 13 தடவை ஆயிரம் டாலரை மறைத்தவர். கடன் நோட்டீஸ் கிளம்பிவிடும்.

தப்புக் கணக்கைக்கூட மன்னிக்கலாம். கடன் உண்டு என்று துறை நிரூபிக்காமல், இல்லை என்று நீயே நிரூபி என்றதுதான் அநியாயம். சில வருடங்களுக்கு முந்தைய சம்பளச் சீட்டுக்கு மனுஷன் எங்கே போவான்? 2019-ல் இந்தக் கணக்கை நிறுத்தினார்கள். இது நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று அரசு அமைத்த விசாரணை ஆணையமான ராயல் கமிஷன் சொன்னது 2023-ல்.

"கடைசியில் அதிகாரி சரிபார்க்கிறாரே" என்பார்கள். அந்த அதிகாரியின் திரை இப்படி இருப்பதாக வையுங்கள். கணினி சொன்னதை ஏற்க ஒரே கிளிக். மறுக்க, காரணம் எழுதி மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். மாலைக்குள் நூறு கோப்பு முடிக்கவேண்டியவர் எதை அழுத்துவார்?

"மேல்முறையீடு ரொம்பக் குறைவு, அதனால் எல்லாம் சரி" என்பது இன்னொரு சால்ஜாப்பு. அமெரிக்காவின் மிச்சிகனில் வேலையின்மை உதவி வாங்கியவர்களை மிடாஸ் என்ற மென்பொருள் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தியது. பின்னர் சுமார் 22,000 முடிவுகளை மறுபடி பார்த்ததில் 93 சதவீதம் தப்பு. மேல்முறையீடு வரவில்லை என்பதால் மட்டும் முடிவு சரியாகிவிடாது. எனவே மேல்முறையீடு வராத கோப்புகளிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்து, முதல் முடிவை மறைத்துவிட்டு, வேறொரு அதிகாரியிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை பிடித்தமும் கூடாது.

இன்னொன்றை, மென்பொருள் வாங்கும் டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்: எந்தத் தேதியில், மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தத் தரவை வைத்து முடிவெடுத்தது என்ற பதிவு துறையின் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கு வரும் நாளில் நிறுவனம் வணிக ரகசியம் என்று கையை விரிக்கும். துறையும் கூடவே விரிக்கும்.