குட் எபெனிங்

2018ல் ஸ்பெயின்காரரான உனாய் எமெரி எங்கள் லண்டன் கால்பந்து அணி ஆர்சனலுக்குப் பயிற்சியாளராக வந்தபோது அவருடைய ஆட்ட முறையைவிட ஆங்கிலத்தைத்தான் நான் அதிகம் கவனித்தேன் என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பேட்டிக்கு வந்து உட்கார்ந்ததும் "குட் ஈவினிங்" சொல்ல வந்து "குட் எபெனிங்" என்பார். எங்கள் வாட்ஸப் குழுவில் அதை ஸ்டிக்கராக்கி ஓட்டு ஓட்டென்று ஓட்டினோம். கஸ்டமர் கேருக்கு ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்னால் மனசுக்குள் ரெண்டு தடவை ஒத்திகை பார்க்கிற ஆள் நான். நானும் சிரித்தேன்.

22 ஆட்டம் தோற்காமல் ஓடியபோது அது செல்லக் கிண்டல். 2019ல் பாக்கூவில் நடந்த யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பை) இறுதிப்போட்டியில் செல்சியிடம் 4-1 வாங்கியதும் அதே கிண்டல் விஷமாகிவிட்டது, நவம்பரில் அனுப்பிவிட்டார்கள்.

"சின்ன கிளப்புக்குத்தான் லாயக்கு" என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். சரி, பாரிஸ் அணியான பிஎஸ்ஜியில் இருந்தபோது, ரெண்டு ஆட்ட கோல்களையும் கூட்டிப் பார்க்கிற மோதலில் பார்சிலோனாவை முதலில் 4-0 ஜெயித்துவிட்டு அடுத்து அவர்கள் ஊரில் 6-1 தோற்றாரே, அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. 88வது நிமிடம் வரை தப்பித்துவிட்ட மாதிரிதான் இருந்தது, அப்புறம் மூன்று கோல். அவ்வளவு பயந்து பின்னால் போய் ஒடுங்கியது அவர் தப்புதான். ஆனால் ஒத்துழைக்க மறுத்த முழங்காலோடு, 33 வயதில், தான் ஆடிக்கொண்டிருந்த லோர்கா என்ற குட்டி கிளப்பிலேயே பயிற்சியாளராகி அதே சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றிய மனிதர் இவர். வேலை வெறி. வலென்சியாவில் அவர் போட்ட ஆட்ட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து பாப்கார்னே தீர்ந்துவிட்டது என்று அங்கே ஆடிய ஹோக்கின் கிண்டலடித்தது பிரபலம். அந்த வீடியோவை உட்கார்ந்து பார்க்கிற பையன்கள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். செவியாவில் இருந்தார்கள், 2014, 2015, 2016 என்று வரிசையாக மூன்று யூரோப்பா லீக்.

2021ல் ஸ்பெயினின் வில்லாரியல். ஊரில் மொத்தமே ஐம்பதாயிரம் பேர்தான். க்டான்ஸ்க்கில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு அதே யூரோப்பா லீக் இறுதிப்போட்டி, 1-1, பெனால்டி. ரெண்டு பக்கமும் பத்துப் பேர் வரிசையாக அடிக்கிறார்கள், ஒன்றுகூட வீணாகவில்லை. கடைசியில் கோல்கீப்பர்களே அடிக்க வேண்டிய நிலை. வில்லாரியலின் ருல்லி அடித்தார், உள்ளே. அடுத்து வந்த யுனைடெட்டின் டி கியாவின் பந்தை அதே ருல்லி பிடித்தார். 11-10. எமெரியின் அப்பாவும் தாத்தாவும் கோல்கீப்பர்கள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

இப்போது ஆஸ்டன் வில்லா. 2022ல் இங்கிலாந்து லீக்கில் கீழே கிடந்த அணியைப் பிடித்து 2024ல் நாலாவது இடம், ஐரோப்பாவின் முதல்நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி. அந்த வருஷம் ஏப்ரலில் எங்கள் மைதானத்துக்கே வந்தார். கடைசி பத்து நிமிடத்துக்குள் ரெண்டு கோல், 2-0. சீசன் முடிவில் ரெண்டே புள்ளியில் பட்டம் எங்கள் கையைவிட்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் குழுவில் இருந்த ஒரே சிட்டி ரசிகன் அந்தப் பழைய ஸ்டிக்கரைத் தேடியெடுத்துப் போட்டான்.